பதினைந்து அம்பியர்

ஆசிரியர் ஓய்வறையில் என் மேசைமீது ஒரு பொருள் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்பு இறப்பர்க் கட்டி. அதன் ஒரு முகத்தில் மூன்று பித்தளைக் கால்கள். மறுமுகத்தில் அவற்றிலும் பெரிய கால்களை ஏற்கும் மூன்று துவாரங்கள். கால்களில் ஒன்று கருகியிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள இறப்பர் உருகி, மெழுகுபோல் வழிந்து, உறைந்து நிற்கிறது.

"சேர், இது என்ன?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அடப்ரர் என்று சொன்னதும் அவர்களுடைய ஆவல் அடங்கிவிடும். சதுரக்கால் பிளக்கை வட்டத்துளைச் சொக்கற்றில் செருகுவதற்காக வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு அடப்ரர் வைத்திருக்கும் நாடல்லவா நம்முடையது? ஆயினும் இது நம் நாட்டுப் பொருளன்று. 2024ஆம் ஆண்டின் இறுதியில், பாடசாலை விடுமுறையோடு சில நாள் லீவும் சேர்த்துக்கொண்டு கனடா சென்றபோது, என் அண்ணரிடமிருந்து கேட்டு வாங்கி வந்தது. பயணச் சீட்டுக்குப் பணம் அனுப்பியவரும் அவரே.

அண்ணர் என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது அவர் பள்ளிச் சிறுவன், நான் கைக்குழந்தை. ஜாம் போத்தலில் திரியிட்டு, சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டுப் படித்த தலைமுறை அவருடையது. அவர் வெளிநாடு போனார்; நான் பல்கலைக்கழகம் போனேன். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள தொடர்பை நான் நன்றாக அறிந்திருந்ததாகவே எண்ணியிருந்தேன்.

ரொறன்ரோ விமான நிலையத்திலிருந்து அவர் என்னை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. நகருக்கு வெளியே, ஒரு நண்பருடைய வீட்டின் பின்வளவில் நின்ற இழுவை வண்டியொன்றுக்கு அழைத்துச் சென்றார். கோடைகாலத்தில் காரின் பின்னால் பூட்டி, ஏரிக்கரைகளுக்கு இழுத்துச் சென்று, உள்ளேயே உண்டு உறங்குவதற்கென்று செய்யப்பட்ட 'றெயிலர்' அது. கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை யாவும் உள்ளே உண்டு. உல்லாசப் பயணத்துக்கென்று செய்த அந்த வண்டியில் அண்ணர் ஆறு மாதமாகக் குடியிருந்தார்.

"வீடு?" என்று கேட்டேன்.

"வித்தாச்சு தம்பி. அம்மாவுக்குச் சொல்லாதை."

கதை சுருக்கமானது. கனடா மத்திய வங்கியின் வட்டி வீதம் 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்தது. 2023 ஜூலையில் அது 5 சதவீதமாயிற்று. மாறும் வட்டிக்கு வீட்டுக்கடன் எடுத்திருந்த அண்ணரால் மாதக் கட்டணத்தைத் தாங்க முடியவில்லை. வீடு போயிற்று. அண்ணியும் மகளும் அண்ணியின் தமக்கை வீட்டு நிலக்கீழ் அறையொன்றில் இருக்கிறார்கள். அங்கே நாலாவது ஆளுக்கு இடமில்லை. அண்ணருக்குக் களஞ்சியமொன்றில் இரவு வேலை. பகலில் றெயிலரில் உறக்கம்.

அந்த றெயிலரின் பக்கத்திலிருந்து ஒரு தடித்த மின்வடம் புறப்பட்டுப் பனியின்மேல் பாம்புபோலக் கிடந்து, வீட்டுச் சுவரிலுள்ள சொக்கற்றுக்குப் போயிற்று. வடத்தின் நுனியிலுள்ள பெரிய பிளக் அந்தச் சிறிய சொக்கற்றில் பொருந்தாது. இடையிலே பொருத்தியிருந்ததுதான், இன்று என் மேசைமீது கிடக்கும் இந்த அடப்ரர்.

வெளியிலிருந்து றெயிலருக்கு எடுக்கும் மின்சாரத்தை அங்கே 'கரை மின்சாரம்' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லால் குறிக்கிறார்கள். துறைமுகத்தில் கட்டிய கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வழக்கத்திலிருந்து வந்த சொல். கரை சேர்ந்தவர்களுக்குரிய சொல், கரை சேராத மனிதரின் வீட்டில் வழங்குவதைத் தமிழ் படித்த எனக்குக் கவனியாமல் இருக்க முடியவில்லை.

தமிழ் படித்த எனக்கு மின்சாரக் கணக்கைக் கற்பித்தவர் அண்ணர். அந்நாட்டில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். அந்த றெயிலர் 30 அம்பியருக்கென்று வயர் இழுக்கப்பட்டது. அதாவது 3,600 வாற்று வரையில் எடுக்கலாம். பெரிய வண்டிகளுக்கு 50 அம்பியர். அவற்றுக்கு 120 வோல்ற் கம்பிகள் இரண்டு போவதால் 12,000 வாற்று கிடைக்கும். சாதாரண வீட்டுச் சொக்கற்றோ 15 அம்பியர், 1,800 வாற்று. அதிலும் மணிக்கணக்காக ஓடும் சாதனங்களுக்கு ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்போகக் கூடாது. ஆகவே, நம்பி எடுக்கக்கூடியது 12 அம்பியர், 1,440 வாற்று.

"எல்லாரும் நினைக்கிறது, உதைப் போட்டவுடனை முப்பது அம்பியர் வரும் எண்டு," என்றார் அண்ணர். "உது பிளக்கின்ரை வடிவத்தைத்தான் மாத்தும். சுவருக்குள்ளை வாற கம்பியை மாத்தாது."

ஆகவே அந்தச் சிறு வீட்டில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு விலை உண்டு. மின் ஹீற்றரை முழு அளவில் போட்டால் 1,500 வாற்று. அதாவது பன்னிரண்டரை அம்பியர். கேத்தலுக்கும் ஏறக்குறைய அவ்வளவு. இவை போதாவென்று, பற்றரியை ஏற்றும் கருவியும் ஓசையின்றிச் சில அம்பியரை எடுத்துக்கொண்டிருக்கும். அண்ணர் ஹீற்றரை எப்போதும் பாதி அளவிலேயே வைத்திருந்தார். தேநீர் போடுவதானால் ஹீற்றரை நிறுத்துவார். வெந்நீருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் வாயுவைப் பயன்படுத்துவார். வாயுவால் இயங்கும் சூடேற்றியும் அங்கே இருந்தது. ஆனால் கடுங்குளிரில் ஒரு சிலிண்டர் சில நாளுக்குள் தீர்ந்துவிடுமாம். ஆகையால், வெளியே பூச்சியத்துக்குக் கீழே உறையும் இரவுகளில் மட்டும் அதைத் திறப்பார்.

மூன்றாம் நாள் இரவு அண்ணர் வேலைக்குப் போய்விட்டார். குளிர் தாங்காமல் ஹீற்றரை முழு அளவுக்குத் திருப்பினேன். சற்றுப் பொறுத்து, தேநீர் குடிக்கலாமென்று கேத்தலையும் போட்டேன். நீர் சூடாகத் தொடங்குமுன்னரே எல்லாம் இருண்டது. வீட்டு நிலக்கீழ் அறையிலுள்ள சுற்றுடைப்பான் விழுந்துவிட்டது. அதை நிமிர்த்த வேண்டுமானால் வீட்டுக்காரரை எழுப்ப வேண்டும். நேரம் அதிகாலை இரண்டு மணி. அண்ணருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எழுப்பாதை தம்பி. ஏற்கெனவே ரெண்டு மூண்டு தரம் எழுப்பியிட்டன். இனி எழுப்பினா எழும்பச் சொல்லிப்போடுவினம். போர்வை ரெண்டையும் போட்டுக்கொண்டு கிட. நான் விடிய வந்திடுவன்."

அந்த இருட்டில் நான் கிடந்து நினைத்தவற்றை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. 2022 மார்ச்சில் நம் நாட்டில் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் வெட்டப்பட்ட நாள்களில், "கரண்ட் இருக்கோ?" என்று நாள்தோறும் கேட்டுவிட்டு, பற்றரி விளக்கு வாங்கப் பணம் அனுப்பியவர் இவர். வட்டி ஏறத் தொடங்கியதும் அதே மார்ச்சில்தான். நாங்கள் கேட்டோம், அவர் அனுப்பினார். அங்கே எத்தனை அம்பியர் வருகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

விடிந்ததும் அண்ணர் வந்தார். வீட்டுக்காரரும் வந்தார். அவர் கெட்டவரல்லர், அவருடைய வீட்டுக்கும் அதே வட்டிதான். "மச்சான், இந்த ட்ரிப் சுவிச்சை எடுத்துப்போட்டு முப்பது அம்பியர் ஒண்டு போட்டுவிடுவம். பிறகு விழாது," என்றார்.

"விழாதுதான். உன்ரை சுவர் எரியும்," என்றார் அண்ணர்.

சுவருக்குள் இருப்பது 15 அம்பியரைத் தாங்கும் கம்பி. கம்பி சூடேறித் தீப்பற்றுமுன் மின்சாரத்தை நிறுத்துவதற்காகவே சுற்றுடைப்பான் இருக்கிறது. கம்பியை மாற்றாமல் அதை மட்டும் மாற்றுவது, காய்ச்சல்காரனை விட்டுவிட்டுக் காய்ச்சலை அளக்கும் கோலை உடைப்பது போன்றதாகும். வீட்டுக்காரர் இன்னொரு வழி சொன்னார்: துணி உலர்த்தும் இயந்திரத்தின் சொக்கற்றும் முப்பது அம்பியர்தானே? அண்ணர் தலையை ஆட்டினார். அம்பியர் ஒன்றுதான்; ஆனால் அது 240 வோல்ற். அந்தத் தவறைச் செய்து றெயிலருக்குள் இருந்த சாதனங்களை எல்லாம் எரித்துக்கொண்டவர்கள் உண்டாம்.

முறையான வழி ஒன்று உண்டு. மின்பலகையிலிருந்து தடித்த கம்பி இழுத்து, 30 அம்பியர் சொக்கற் பொருத்துவது. ஆனால் ஒன்ராறியோவில் அத்தகைய வேலைக்கு மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும், பரிசோதகர் வருவார். பின்வளவு றெயிலரில் ஆள் குடியிருப்பதைப் பல நகரசபைகளின் விதிகள் அனுமதிப்பதில்லை. முறைப்படி கேட்டால் இருப்பிடம் போகும். ஆகவே முறைப்படி கேட்கவில்லை. பாதுகாப்புக்கென்று எழுதிய விதி, போக்கிடமில்லாத மனிதனை ஆபத்துக்குள் ஒளிந்திருக்கச் செய்கிறது. விதி தவறென்று நான் சொல்லவில்லை. வீட்டை விற்கச் செய்த வட்டியைப் பரிசோதிக்க ஒரு பரிசோதகரும் வரவில்லையே என்றுதான் சொல்கிறேன்.

அன்று பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோதுதான் அடப்ரர் உருகியிருப்பது தெரிந்தது. நான் போட்ட கேத்தல் ஒரு நிமிடத்தில் செய்த காரியமன்று அது. தடித்த வடத்தின் பாரம் அடப்ரரை நாள்தோறும் கீழே இழுத்திருக்கிறது. பழைய சொக்கற்றின் பிடி தளர்ந்திருக்கிறது. தளர்ந்த தொடுகையில் தடை கூடும். தடையுள்ள இடத்தில் வெப்பம் பிறக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். அளவுக்குள்ளேயே ஓடினாலும், நாளெல்லாம் இரவெல்லாம் ஓய்வின்றி ஓடினால், தளர்ந்த இடம் உருகிவிடும். சுற்றுடைப்பான் இதை அறியாது. அது அளவைத்தான் அறியும், களைப்பை அறியாது.

அண்ணர் புதிய அடப்ரர் வாங்கி வந்தார். இரண்டு தலைக்கும் நடுவே சிறு வடமுள்ள அந்த வகையை 'நாயெலும்பு' என்று அங்கே அழைக்கிறார்கள். வீட்டுக்காரர் சொக்கற்றை மாற்றினார். வடத்தின் பாரத்தை ஒரு கயிற்றில் தூக்கிக் கட்டினோம். மெல்லிய நீட்டுக் கம்பி எதையும் இடையில் சேர்க்கக் கூடாதென்பதை அண்ணர் எனக்குச் சொல்லித் தந்தார். முப்பது அம்பியர் தூணிலிருந்து அடப்ரர் மூலம் அத்தகைய கம்பிக்கு மின்சாரம் எடுப்பது இன்னும் மோசம். தூணிலுள்ள காவல் முப்பது வரை காத்திருக்கும், கம்பி அதற்குமுன் எரிந்துவிடும்.

ஊர் திரும்பிய பின் நான் இதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் மூன்று மாதத்துக்கு மேலாக இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோது, பிள்ளைகளின் வாழ்வை இருட்டாக்குகிறோம் என்று எங்களைத் தூற்றியவர் பலர். விழுகின்ற சுவிச்சைத் திட்டுவது எளிது. அது ஏன் விழுந்தது, சுவருக்குள் இருக்கும் கம்பி எத்தகையது என்று பார்ப்பதற்குச் சுவரைத் திறக்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளியாவது ஓர் ஓசையோடு விழுகிறான். நாலுபேர் திரும்பிப் பார்க்கிறார்கள். என் அண்ணரைப் போன்றோர் விழுவதே இல்லை. அளவுக்குள்ளேயே ஓடி, ஒருவரையும் எழுப்பாமல், உள்ளுக்குள் உருகுகிறார்கள்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டாமென்று அண்ணர் கேட்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய், மேல்மாடி கட்டுவதற்கென்று அண்ணர் அனுப்பிய பணத்தில் மிஞ்சியிருந்த வங்கிப் புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "இதை அவனுக்கே அனுப்பு. இனி ஒரு சதமும் கேட்கக் கூடாது," என்றார். அண்ணர் தொலைபேசியில் என்னைக் கடிந்துகொண்டார். ஒரு கிழமை பேசாமலும் இருந்தார். வாக்குத் தவறியவன் நான். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் பாரத்தைக் குறைக்க எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அந்தப் பணத்தால் அவருக்கு வீடு கிடைக்காது என்பதையும் அறிவேன். குடும்பங்கள் தம் பாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சுவருக்குள் இருக்கும் கம்பியைத் தனிக் குடும்பமொன்று மாற்ற முடியாது. அது பலர் கூடிச் செய்ய வேண்டிய வேலை.

எங்கள் வகுப்பில் அரைவாசிப் பிள்ளைகளின் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. புதிய தொலைபேசியோடும் சப்பாத்தோடும் வருகிற பிள்ளையிடம், "அனுப்பியவர் எப்படி இருக்கிறார்?" என்று இப்போதெல்லாம் கேட்கிறேன். "நல்லா இருக்கிறார் சேர்," என்றே எல்லாரும் சொல்கிறார்கள். அப்போது மேசைமீதுள்ள அந்தக் கருகிய கட்டியை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, கணக்கை முதலிலிருந்து தொடங்குகிறேன்.