மருமகனின் லொறியும் ஒரு வானொலிக் கம்பியும்

எனது அக்காவின் மகன் கனடாவில் லொறி ஓட்டுகிறான். ரொறன்ரோவில் சரக்கை ஏற்றிக்கொண்டு வின்னிபெக், கல்கரி, சில வேளைகளில் வன்கூவர் வரையும் போய்வருவது அவனது தொழில். வன்கூவர் என்றால் போகும் வழி மட்டும் ஏறத்தாழ 4,400 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையிலான நமது தீவின் நீளத்தைப் பத்துத் தடவை ஓடி முடிப்பதற்குச் சமமான தூரம் அது.

ஒருநாள் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மாமா, லொறிக்கு ஒரு ஹாம் ரேடியோ பூட்டப் போறன். எந்த செற் வாங்கிறது எண்டு சொல்லுங்கோ."

பத்திரிகைத் தொழிலில் இருந்த நாற்பது ஆண்டுகளும் இரவில் சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டிருந்தவன் நான். குடும்பத்தில் எனக்கு 'ரேடியோ மாமா' என்றுதான் பெயர். ஆனால், கேட்டதுதான் உண்டு. ஒருநாளும் வானொலியிற் பேசியதில்லை. அதிலும், 'அனுப்பும் கருவி' என்றதும் எனக்கு முதலில் வந்தது பயமே. போர்க்காலத்தில் கொழும்பில் எனது வாடகை வீட்டின் கூரைமேல் சிற்றலை கேட்பதற்காக ஒரு செப்புக் கம்பி கட்டியிருந்தேன். தேடுதலுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டார்கள். அது கேட்பதற்கு மட்டுமான கம்பி என்பதை அவர்களுக்கு விளங்கப்படுத்தி முடிந்ததும், அன்று மாலையே அதை நானாகவே அறுத்துச் சுருட்டி வைத்தேன். எங்கள் தலைமுறைத் தமிழனுக்கு 'வயர்லெஸ்' என்ற சொல் அப்படிப்பட்ட சொல்.

"அங்கே இதற்கு அனுமதி உண்டோ?" என்றுதான் அவனிடம் முதலிற் கேட்டேன். அவன் சிரித்தான். பரீட்சை எழுதினால் அனுமதி தருவார்களாம். 100 கேள்விகள். 70 புள்ளி எடுத்தால் அடிப்படைத் தகுதி. 80க்கு மேல் எடுத்தால் 30 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட சிற்றலைகளிலும் பேசலாம். கேள்விகள் முழுவதையும் அரசாங்கமே வெளியிட்டு வைத்திருக்கிறதாம்.

அவனுக்கு ஏன் இந்த யோசனை வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சூசென்ற்மேரியிலிருந்து தண்டர்பே வரை சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டிச் செல்லும் 17ஆம் இலக்க நெடுஞ்சாலை ஏறத்தாழ 700 கிலோமீற்றர். காடும் பாறையும் ஏரியுமே அங்கு துணை. பல இடங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. 2016 ஜனவரி 10இல் நிப்பிகன் ஆற்றுப் பாலத்தின் தளம் குளிரிலும் காற்றிலும் மேலெழும்பி நின்றபோது, கனடாவின் கிழக்கையும் மேற்கையும் நாட்டுக்குள்ளேயே இணைக்கும் ஒரே வீதி அறுந்துபோனது. அத்தகைய பாதை அது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், வாவாவுக்கு அப்பால் பனிப்புயலில் வீதியை மூடிவிட்டார்கள். எனது மருமகன் பதினொரு மணி நேரம் லொறி வரிசையில் நின்றான். தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. அவன் மனைவி ரொறன்ரோவில் இருந்து அழுதாள். யாழ்ப்பாணத்தில் அக்கா ஒன்றும் பேசாமல் வாசலில் இருந்தாள். அவளுக்கு அது பழக்கமான இருப்பு.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, மிதித்து, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். அக்கா வீட்டில் மிதிப்பவன் இந்த மருமகன்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது. பி.பி.சி. தமிழோசை முடியும்வரை மிதிக்க வேண்டும். கால் ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். கொழும்பில் பத்திரிகை அலுவலகத்தில் இருந்த எனக்கு இவையெல்லாம் பிறகுதான் தெரியவந்தன.

கொழும்பில் 4S7 என்று தொடங்கும் அழைப்புக் குறியீட்டுடன் பல ஆண்டுகளாக வானொலியிற் பேசிவரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். 2004 டிசம்பர் சுனாமியின்போது, தொலைபேசிகள் செயலிழந்த அம்பாந்தோட்டையிலிருந்து இந்த நாட்டின் ஹாம் வானொலியாளர்களே கொழும்புக்குச் செய்தி அனுப்பினார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும். அந்த வட்டத்தைச் சேர்ந்தவர் அவர். மருமகன் அனுப்பிய பட்டியலை அவரிடம் கொண்டுபோனேன். யாயெசு எப்.ரி.-891, ஐகொம் ஐ.சி.-7100 என்று இரண்டு கருவிகளை அவன் குறித்திருந்தான். முன்னையது 2016இல் வந்தது. சிற்றலையும் 50 மெகாஹேர்ட்ஸும் மட்டும். பின்னையதில் அவற்றோடு நகரங்களுக்குள் பேசும் 144, 430 மெகாஹேர்ட்ஸ் அலைகளும் உண்டு. நண்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"பெட்டியைப் பற்றிக் கேட்கிறான், சரி. கம்பியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையே?"

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது விரைவில் விளங்கியது. மருமகன் பொறுமையில்லாமல் 50 வாற் கருவி ஒன்றையும் காந்த அடியுள்ள அன்ரெனா ஒன்றையும் ஒரு கடையில் வாங்கிவிட்டான். லொறியின் கூரையில் வைத்தால் காந்தம் ஒட்டவில்லை! கூரை கண்ணாடியிழை. காரின் இரும்புக் கூரையில் அன்ரெனாவை வைக்கும்போது அந்தக் கூரையே அன்ரெனாவின் மற்றப் பாதியாக வேலை செய்கிறது. கண்ணாடியிழையில் அந்தப் பாதி இல்லை. கடைக்காரர் லொறிக்கா காருக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்த பிழை மின்சாரத்தில். சிகரெற் பற்றவைக்கும் துளையில் இணைப்பைச் செருகினான். கேட்கும்போது ஒரு குறையும் இல்லை. மைக்கை அழுத்தியதும் கருவி அணைந்துபோயிற்று. 50 வாற் கருவிக்கே பத்து அம்பியருக்கு மேல் வேண்டும். 100 வாற்றில் அனுப்பும் எப்.ரி.-891 பேசும்போது 23 அம்பியர் இழுக்கும். அந்தத் துளையின் கம்பியும் பியூஸும் அதைத் தாங்கா. பற்றரியிலிருந்து நேரே தடித்த கம்பி இரண்டு இழுத்து, இரண்டிலும் பற்றரிக்குக் கிட்ட பியூஸ் போட வேண்டும் என்பது நண்பரின் கட்டளை. வட அமெரிக்க லொறிகளில் 12 வோல்ற் என்பது அவனுக்கு வாய்ப்பு. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் ஓடும் பெரிய லொறிகள் பலவற்றில் 24 வோல்ற். கருவியை அப்படியே கொளுவினால் அது எரிந்துவிடும்.

லொறி கம்பனியின் சொத்து, துளை போட முடியாது. ஆகவே பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளில் இறுக்கிப் பூட்டும் அடிகளை வாங்கினான். ஒரு பக்கம் தரைத்தளம் வேண்டாத அரையலை அன்ரெனா, 144 மெகாஹேர்ட்ஸுக்கு. மறுபக்கம் சிற்றலைக்கு, கண்ணாடியிழைத் தண்டில் கம்பி சுற்றிய இரண்டு மீற்றர் தடி. கனடாவில் வாகன உயரத்தின் எல்லை 4.15 மீற்றர் என்பதால் அதைத் தாங்கியின் கீழ்ப்பகுதியிற் பூட்டினான். 7 மெகாஹேர்ட்ஸில் கால் அலை நீளமே பத்து மீற்றருக்கு மேல். அதை இரண்டு மீற்றருக்குள் சுருக்கினால் கொடுக்கும் சக்தியின் பெரும் பங்கு சூடாகவே வீணாகும். இதற்கு வழியில்லை. 14 மெகாஹேர்ட்ஸில் இழப்பு குறைவு, பகலில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றரும் போகும். 

முதல்நாள் நிலையலை விகிதம் 3ஐத் தாண்டியது. கண்ணாடித் தாங்கியின் பூச்சைச் சுரண்டி, பின்னல் பட்டையால் கதவையும் சட்டத்தையும் இணைத்தபிறகு 1.4க்கு இறங்கியது. ஒரு ஞாயிறு முழுவதும் இதிலேயே போயிற்று என்று அவன் மனைவி எனக்கு முறையிட்டாள். அத்துடன், படுக்கைப் பகுதியின் குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வேர்ற்றரை அணைத்தால்தான் சிற்றலையில் இரைச்சல் அடங்குகிறதாம்.

முடிவில் எப்.ரி.-891ஐயே எடுத்தான். 50 வாற் கருவி ஏற்கெனவே கையில் இருந்ததால் எல்லாம் ஒன்றான பெட்டி தேவைப்படவில்லை. முகப்பைத் தனியே கழற்றி முன்னாற் பொருத்தலாம்; உடம்பு படுக்கையின் கீழ். லொறிக்காரர்கள் வழமையாக வைத்திருக்கும் 27 மெகாஹேர்ட்ஸ் சி.பி. கருவியைக் கழற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். 4 வாற்தான், சில கிலோமீற்றர்தான். ஆனால், முன்னால் விபத்து நடந்திருக்கிறது என்று 19ஆம் அலைவரிசையிற் சொல்லப்போவது முன்னால் போகும் லொறிக்காரனே. தொழில் விடயம் எதையும் ஹாம் அலையிற் பேசக்கூடாது என்பதும் சட்டம்.

இன்னொன்றையும் சொன்னேன். உயிருக்கு ஆபத்து என்றால் செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியை முதலில் வாங்கு, வானொலியை அதற்குப் பிறகு வாங்கு என்றேன். வாங்கினான். "பிறகேன் தம்பி இந்தப் பெட்டிக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"அது நான் உயிரோட இருக்கிறன் எண்டு வீட்டுக்குச் சொல்லும், மாமா. என்னோட ஒருத்தரும் கதைக்கமாட்டினம்."

பரீட்சையில் 86 எடுத்தான். ஓய்வு நிறுத்தங்களில் படித்த படிப்பு. இப்போது VA3 என்று தொடங்கும் குறியீடு அவனுக்கு உண்டு. ஓடும்போது கேட்பான்; நிறுத்திய பின்பே பேசுவான். ஒன்ராறியோவில் 3.755 மெகாஹேர்ட்ஸில் பகல் வேளைகளிற் கூடும் வானொலி வட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பண்ணைக்காரர்களும் இவன் எங்கே நிற்கிறான், பனி எப்படி என்று கேட்கிறார்களாம். இவனது பெயரை அவர்கள் உச்சரிப்பதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும்.

சென்ற மாதம் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, எனது சீனத்துச் சிற்றலைப் பெட்டியையும் கொண்டுபோனேன். சனிக்கிழமை இரவு எட்டரைக்கு, அங்கே பகல் பதினொரு மணிக்கு, 14.250இல் அழைப்பதாகச் சொல்லியிருந்தான். அக்காவின் மாமரத்தில் இருபது மீற்றர் கம்பி கட்டினேன். கட்டும்போது ஒருதரம் வீதியைப் பார்த்துக்கொண்டேன். பழக்கம்தான்.

இந்திய நிலையம் ஒன்று கேட்டது. ரஷ்யர் ஒருவர் கேட்டார். அவன் கேட்கவில்லை. மழை பெய்வது போன்ற இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. எட்டே முக்காலுக்கு நான் பெட்டியை அணைக்கக் கையை நீட்டினேன்.

"இருக்கட்டும்," என்றாள் அக்கா. "ஒன்பது மட்டும் இருக்கட்டும்."