வலியை அமுக்காதீர்கள், காரணம் கேளுங்கள்

எங்கள் சேர்வராயன் மலையில் இடுப்பு நன்றாக இருந்தால்தான் பிழைப்பு. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிக்க வேண்டும். சரிவில் கால் ஊன்றிக் காப்பிப் பழம் எடுக்க வேண்டும். அப்படி ஏறி இறங்கிய ஒருவர் நாற்பது வயதுக்குள் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போனதைப் பார்த்தேன். அவர் எங்கேயும் விழவில்லை, அடிபடவும் இல்லை. கவட்டுப் பக்கம் வலிக்கிறது என்று நெடுநாள் ஏதேதோ மாத்திரை விழுங்கியிருந்தார். மாலையில் மதுவும் உண்டு. கடைசியில், தொடை எலும்பின் தலை செத்துவிட்டது என்றார் டாக்டர்.

எலும்பு உயிருள்ள பொருள். இடுப்புக் கிண்ணத்துக்குள் சுழலும் அந்த உருண்டைத் தலைக்கு ரத்தம் கொண்டுபோவது பெரும்பாலும் மெல்லிய சில குழாய்கள்தான். அவை அடைபட்டால் எலும்பு உள்ளுக்குள் மடிந்து, நாளடைவில் உடம்பின் பாரம் தாங்காமல் நொறுங்கும். இந்த நோய் பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு வரும். பலருக்கு இரண்டு பக்கமும்.

அடிபடாமல் வருவதற்கு முதல் இரண்டு காரணங்கள் ஸ்டீராய்டும் மதுவும். இரண்டுமே ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பைப் பெருக்கி, ரத்த ஓட்டத்தை நெருக்குகின்றன. கொரோனாவுக்குப் பிறகு இப்படிப் பாதிக்கப்பட்ட மூன்று பேரைப் பற்றி மும்பை ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். மூவருமே நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள். சிகிச்சையில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். அதற்காக ஸ்டீராய்டைப் பழிக்கக் கூடாது. ஆஸ்துமாவிலும் லூபஸிலும் உயிர் காப்பது அதுதான். டாக்டர் எழுதியதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரையும், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடியும்தான் என் கவலை.

மலை மக்கள் அறிய வேண்டிய இன்னொரு காரணம் அரிவாள் செல் ரத்தசோகை. வளைந்து விறைத்த ரத்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்துவிடும். நீலகிரிப் பழங்குடிகளிடம் இதற்கான மரபுக்கூறு இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. இந்த ரத்தசோகையை 2047-க்குள் ஒழிக்க மத்திய அரசு 2023 ஜூலை 1 அன்று ஒரு இயக்கம் தொடங்கியது. உங்கள் ஊருக்குப் பரிசோதனை முகாம் வந்தால் தயங்காமல் கை நீட்டுங்கள். ஒரு சொட்டு ரத்தம் போதும்.

நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதன் அருமை காப்பித் தோட்டக்காரருக்குச் சொல்லாமலே புரியும். அராபிகாச் செடியின் இலை மஞ்சளாகும்போது தண்டுத்துளைப்பான் புழு உள்ளே வேலையை முடித்திருக்கும். அதனால்தான் இலை பசுமையாக இருக்கும்போதே தண்டைத் தடவிப் பார்க்கிறோம். இடுப்பும் அப்படித்தான். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். வலி முழங்காலில் இறங்கி ஏமாற்றுவதும் உண்டு. முழங்காலுக்குத் தைலம் தேய்த்தே காலம் போய்விடும். எலும்பு நொறுங்குமுன் கண்டால், துளையிட்டு உள்ளழுத்தம் குறைக்கும் சிகிச்சையால் சொந்த மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நொறுங்கிய பின் பெரும்பாலும் செயற்கை மூட்டுதான்.

வலியைப் பொறுத்துக்கொள்வதை வீரம் என்று எங்கள் தலைமுறை நினைத்தது. இளையவர்களே, நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். கவட்டு வலி சில வாரம் நீடித்தால் சேலத்துக்கு இறங்கி எலும்பு டாக்டரைப் பாருங்கள். குடிப்பதையும், இதுவரை விழுங்கிய மாத்திரைகளையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அவர் அடுத்த பரிசோதனையை முடிவு செய்வார்.