பைன் மரங்களின் நிழலில் ஒரு காடு

மலையகத்திற்குப் போய்வந்த எவரிடமாவது பைன் மரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்கப்படும். அது ஊற்றுக்களை வற்றச் செய்துவிடும். அதன் கீழே ஒரு புல்லும் முளைக்காது. குருவிகூட அங்கே தங்காது. வரட்சி மாதங்களில் ஒரு தீக்குச்சி போதும், மலைச்சரிவே பற்றி எரியும். மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்தக் குற்றச்சாட்டுக்கள் செய்தியாகவும் கட்டுரையாகவும் வாசகர் கடிதமாகவும் என் மேசைக்கு எத்தனை தடவை வந்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. திணைக்களத்தின் பதில் அறிக்கைகளும் அவ்வாறே வந்தன. வழக்கு நீண்டுகொண்டே போனதே தவிர, தீர்ப்பு வந்ததில்லை.

கரிபியன் பைன் எனப்படும் இம்மரம் எமது நாட்டிற்குரியதன்று. மத்திய அமெரிக்காவும் கரிபியன் தீவுகள் சிலவும் அதன் தாயகம். இலங்கையின் வனத் திணைக்களம் 1960களின் பிற்பகுதியிலிருந்து சுமார் இரு தசாப்த காலம் இதனைப் பெருமளவில் நட்டது. அதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் காடழிக்கப்பட்டு, மேல்மண் கழுவுண்டு, பின்னர் கைவிடப்பட்ட சரிவுகள் மலைநாடெங்கும் கிடந்தன. மகாவலி நீர்த்தேக்கங்கள் எழுந்தபோது, அச்சரிவுகளின் மண் வந்து அணைகளை நிரப்பிவிடுமோ என்ற அச்சமும் எழுந்தது. பைன், வளமற்ற மண்ணிலும் வளரும், விரைவாக வளரும், கால்நடைகள் அதனைத் தின்பதில்லை. நீண்ட நார்கொண்ட அதன் மரக்கூழ் கடதாசி உற்பத்திக்கும் ஏற்றது. "இந்த மொட்டை மலையில் எது விரைவில் வளரும்?" என்பதே அன்றைய நிர்வாகத்தின் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பைன் சரியான விடைதான். "வளர்ந்த பின்னர் என்ன?" என்ற அடுத்த கேள்விதான் போதிய அளவு கேட்கப்படவில்லை.

ஊற்று வற்றிவிட்டது என்று மலையக மக்கள் சொன்னதை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிட முடியாது. உலகின் பல பாகங்களிலும் 94 நீரேந்து பிரதேசங்களில் நடைபெற்ற பரிசோதனைகளை 1982 ஆம் ஆண்டில் இரு விஞ்ஞானிகள் ஒன்றுதிரட்டி ஆராய்ந்தனர். புல்வெளி இருந்த இடத்தில் அடர்த்தியாக மரம் வளர்ந்தால் ஓடைகளில் வரும் நீரின் அளவு குறைகிறது என்பதே அவர்கள் கண்ட பொதுவான முடிவு. பைனுக்கும் யூக்கலிப்டசுக்கும், ஒரு பிரதேசத்தின் பத்து வீத நிலத்தில் இவை பரவினால் ஆண்டு நீர்வரத்தில் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் குறையும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். மழையின் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கி ஆவியாகிறது. ஆழமாக இறங்கும் வேர் வரண்ட காலத்திலும் நீரை எடுக்கிறது. இது பைன் மரத்திற்கு மட்டுமே உரிய தீயகுணமன்று. அதேவேளை, லயத்துப் பீலியில் நீர் மெலிந்ததைக் கண்ட தாய்மார் பொய் சொல்லவுமில்லை.

இந்த வாதப் பிரதிவாதங்களுக்கு அப்பால், வேறொரு கேள்வியைக் கேட்ட சிலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சிங்கராஜ வனத்தின் கதையை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக 1970களின் தொடக்கத்தில் இயந்திரங்கள் அக்காட்டினுள் நுழைந்தன. எதிர்ப்பு வலுத்து, 1977 ஆம் ஆண்டில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. 1978 இல் அது உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும், 1988 இல் உலக மரபுரிமைத் தலமாகவும் ஆயிற்று. அரசின் ஒரு கை வெட்டியதை அரசின் மறு கை அளக்கத் தொடங்கியது. அரசாங்கத்தின் விஞ்ஞான நிதியுடன் பேராதனைப் பல்கலைக்கழகத்தினர் அங்கே ஆய்வுகளை மேற்கொண்டனர். அவர்களுள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க என்னும் பேராசிரியத் தம்பதியர் முதன்மையானவர்கள். 1993 ஆம் ஆண்டளவில் அங்கு 25 ஹெக்டேயர் நிலம் குறிக்கப்பட்டு, மார்பளவு உயரத்தில் ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள நாற்று முதற்கொண்டு ஒவ்வொரு மரமும் இலக்கமிடப்பட்டது. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மரங்கள்! ஒருமுறை அளந்ததோடு விடாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அளக்கிறார்கள்.

சிங்கராஜ வனத்தின் எல்லையோரத்திலும் திணைக்களம் பைன் நட்டிருந்தது. ஆய்வாளர்கள் அதனை வெட்டியெறியுங்கள் என்று கோரவில்லை. "இந்த நிழலில் எமது காட்டு மரங்களை வளர்க்க முடியுமா?" என்று கேட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும் குணதிலக்க தம்பதியரும் 1991 ஆம் ஆண்டில் அங்கொரு பரிசோதனையை ஆரம்பித்தனர். பைன் தோட்டத்தின் ஒரு பகுதியை அப்படியே விட்டார்கள்; ஒரு பகுதியில் ஒரு வரிசை மரங்களை அகற்றினார்கள்; வேறொரு பகுதியில் மூன்று வரிசைகளை அகற்றினார்கள். எமது தேசிய மரமான நாகமரமும், சிங்களத்தில் 'ஹொர' எனப்படும் மரமும், சாலமரத்திற்கு நெருங்கிய உறவான மூன்று இனங்களுமாக ஐவகை நாற்றுக்களை அங்கே நட்டார்கள்.

இம்மரங்களுள் பலவற்றின் விதைகள் கனமானவை. தாய்மரத்தை விட்டு அதிக தூரம் செல்லமாட்டா. நெல்லைப் போலக் களஞ்சியத்தில் சேமிக்கவும் இயலாது. உலர்ந்தால் விரைவிலேயே உயிர் போய்விடும். எல்லா ஆண்டும் நிறையக் காய்ப்பதுமில்லை. திறந்த வெளியில் நட்டால் வெயில் கருக்கிவிடும். அடர்ந்த நிழலில் நட்டால் சாகாமல், வளராமல், அப்படியே நிற்கும். மூன்று வரிசை பைன் அகற்றப்பட்ட இடைவெளியில்தான் அவை நன்கு வளர்ந்தன. வெயிலையும் நிழலையும் அளந்து கொடுத்த செவிலித்தாய் எந்த மரம் தெரியுமா? எல்லோரும் சபித்த அதே பைன்! அதற்கு முன்னரே, கைவிடப்பட்ட நிலத்தை மூடி வேறெதையும் முளைக்கவிடாத பன்னம்புதரை அடக்கிவைத்ததும் அதன் நிழல்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் குடாவ வழியாக அவ்வனத்திற்குச் சென்றிருந்தேன். மழை விட்டிருந்தது. காலுறைக்குள் அட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. நேர்வரிசையில் உயர்ந்து நின்ற பைன்களுக்கு இடையே, வரிசை அறியாத வேறு மரங்கள் தழைத்து நின்றன. கலைப்பட்டதாரியான எனக்கு இலையைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்லத் தெரியாது. ஆயினும் தோட்டம் காடாகிக்கொண்டிருப்பது தெரிந்தது.

இதனைக் கொண்டு, பைன் மரம் நல்லதென்று தீர்ப்பெழுதிவிடலாகாது. சிங்கராஜ வனம் ஆண்டிற்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தில் இருக்கிறது. அருகிலேயே தாய்க்காடும் இருக்கிறது. ஊவாவின் சரிவுகளுக்கு அந்த வாய்ப்பில்லை. அங்கே மாதக்கணக்கில் மழையில்லை. விதை தரும் காடும் அண்மையில் இல்லை. தீயோ அடிக்கடி வருகிறது. அங்குள்ள கேள்விக்கு விடையை அங்கேயேதான் தேட வேண்டும். அதற்கும் இருபது, முப்பது ஆண்டுகள் பிடிக்கும்.

அவ்வளவு காலம் பொறுத்திருக்க எமது அரசுகளுக்கு மனமுண்டா? 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, விளைச்சல் விழும் என்று விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்தனர். அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் படுவீழ்ச்சி கண்டது. ஆய்வு நிலையங்களும் ஆய்வாளர்களும் இந்நாட்டில் இல்லாமலில்லை. முடிவை எடுத்த பிறகே அவர்களைத் தேடுவதுதான் எமது வழக்கமாக இருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளில் வெளியாகி அங்கேயே தங்கிவிடுகின்றன. பைன் தோப்பின் அடிவாரத்தில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு, தன் ஊற்று ஏன் மெலிந்தது என்பதையோ, அந்தத் தோப்பை எவ்வாறு மாற்றலாம் என்பதையோ அவருடைய மொழியில் சொல்வார் அரிது. மலைநாட்டில் இன்னும் பல்லாயிரம் ஹெக்டேயரில் பைன் நிற்கிறது. அவற்றை என்ன செய்வது என்ற முடிவு ஒருநாள் எடுக்கப்படத்தான் போகிறது. அந்த மலைகளின் நீரைக் குடிப்பவர்கள் அன்றைக்குச் சாபம் மட்டுமல்லாமல், சரியான கேள்வியையும் கையில் வைத்திருக்க வேண்டும். எத்தனை வரிசையை அகற்றுவீர்கள், அந்த இடைவெளியில் எதை நடுவீர்கள், யார் அளப்பார்கள் என்று அவர்கள் கேட்க வேண்டும்.