நகராத கப்பல்

சீனா என்றதும் நம்மில் பலருக்கும் பெருஞ்சுவர்தான் ஞாபகம் வரும். ஆனால் பெய்ஜிங்கில் வேலை பார்க்கும் என் மாமா, "சுவரை அப்புறம் பார்த்துக்கலாம் மாப்ளே. சிவில் படிக்கிறவன் முதல்ல ஒரு ஏரியைப் பாரு" என்று சொல்லி, செமஸ்டர் லீவில் போயிருந்த என்னை மெட்ரோ ரயிலில் ஏற்றி அழைத்துப் போன இடம்தான் கோடை அரண்மனை.

பேர்தான் அரண்மனை. உண்மையில் அது ஒரு மாபெரும் பூங்கா. சுமார் 290 ஹெக்டேர். அதாவது 700 ஏக்கருக்கும் மேல்! அதில் முக்கால் பங்கு தண்ணீர்.

1750-ஐ ஒட்டி சியான்லோங் என்ற பேரரசர், தன் தாயின் 60-வது பிறந்த நாளை முன்னிட்டு இதை உருவாக்கினார். அங்கே முன்பே இருந்த ஏரியை அகலமாக்கி, ஆழமாக்கி, தலைநகருக்கான தண்ணீரையும் அதில் தேக்கினார்கள். வெட்டிய மண் எங்கே போச்சு? வடகரையில் இருந்த குன்றின் மேலேயே போட்டு, அதை அழகாகத் திருத்திவிட்டார்கள்! சர்வே வகுப்பில் 'கட்டிங், ஃபில்லிங்' என்று நாம் போடும் கணக்கு, அங்கே ஏரியாகவும் மலையாகவும் நிற்கிறது நண்பர்களே! ஜே.சி.பி. இல்லாத காலத்தில் அத்தனை மண்ணையும் சுமந்த தோள்களுக்குத்தான் அங்கே கல்வெட்டு எதையும் காணோம்.

ஏரிக்கரையில் 728 மீட்டர் நீளத்துக்கு ஒரு மண்டபப் பாதை. உத்திரமெல்லாம் ஓவியம். அந்தப் பக்கம் 150 மீட்டர் நீளத்தில் 17 வளைவுகள் கொண்ட கல் பாலம். கைப்பிடித் தூண்களில் 500-க்கும் மேற்பட்ட கல் சிங்கங்கள். பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை.

கடைசியாக மாமா ஒரு கப்பலைக் காட்டினார். 36 மீட்டர் நீளம். அடிப்பாகம் கல். மேலே இருப்பது மரம், பளிங்கு போல வண்ணம் பூசியிருக்கிறார்கள்.

"இது ஓடுமா மாமா?"

"எங்கடா ஓடும்? கரையோட கட்டின கல்லுடா இது."

1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வைத்த தீயில் இதன் மேல்கட்டு எரிந்து போனது. 1893-இல் ராஜமாதா சிஷி மீண்டும் கட்டினார். பூங்காவைச் சீரமைக்கக் கடற்படைக்கான பணத்தையும் எடுத்தார்கள் என்கிறது வரலாறு. அடுத்த ஆண்டே ஜப்பானோடு போர். 1895-இல் சீனா தோற்றது. தோல்விக்கு இது ஒன்றே காரணம் இல்லைதான். ஆனாலும் கடலில் ஓட வேண்டிய காசு ஏரிக்கரையில் நின்றுவிட்டதே!

எனக்கு எங்க ஊர் ஓடை ஞாபகம் வந்தது. பாலத்துக்கென்று வந்த பணம் வேறு எதற்கோ போய்விட, மழைக்காலத்தில் என் தங்கை இன்றும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

நண்பர்களே, சியான்லோங் காலத்து ஏரியும் வேலைதான், சிஷி காலத்துக் கப்பலும் வேலைதான். ஒன்று ஊருக்குத் தண்ணீர் தந்தது. இன்னொன்று போட்டோவுக்கு நிற்கிறது. இரண்டையும் கட்டிய கைகள் மட்டும் ஒரே மாதிரிக் கைகள். நாளைக்கு எஸ்டிமேட் போடுவதும், எம்.புக் எழுதுவதும் நாம்தான். எந்தக் காசு எதற்கு வந்ததோ, அதற்கே போய்ச் சேர்ந்ததா என்று முதலில் தெரியப்போவதும் நமக்குத்தான். அப்போது பேனாவைப் பிடித்திருக்கும் கை கொஞ்சம் யோசிக்கட்டும்!