சிறிதாக்கிக் காட்டும் கண்ணாடி

அறபு இலக்கணம் பயின்றோர் 'தஸ்கீர்' என்னும் சொல்லை அறிவர். ஒரு பெயரைச் சிறுமைப் பொருள் தோன்றத் திரிப்பதற்கு அப்பெயர். 'நஹ்ர்' என்றால் ஆறு; 'நுஹைர்' என்றால் சிற்றாறு. 'இப்ன்' என்றால் மகன். 'புனைய்' என்றால் சின்ன மகன். ஆனால் தந்தையின் வாயில் அச்சொல் 'கண்ணே' என்று கொஞ்சுவதற்கு ஒப்பாகும். சிறிதாக்குவதெல்லாம் இழிவுபடுத்துவதற்கன்று என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குப் பாடம் சொல்லி வந்திருக்கிறேன். அப்பாடத்தை நான் கற்றதோ, ஒரு தை மாதத்து இரவில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில்தான்.

வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கும் என் தமக்கை மகன், விடுப்பில் வந்தபோது எட்டங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கொணர்ந்து தந்தான். ஆடியும் வில்லையும் சேர்ந்தமைந்த ஷ்மிட்-காஸகிரேன் வகை அது. வாயின் விட்டம் 203 மி.மீ.; குவியத் தொலைவு 2032 மி.மீ. நிலவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் அதில் கண்டு மெய்சிலிர்த்தேன். அடுத்த விடுப்பில் அவன் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடியை நீட்டினான்.

"இதுக்கு ஃபோகல் ரெட்யூசர்னு பேரு மாமா. குவியத் தொலைவைக் குறைக்கும். உருவம் சின்னதாத் தெரியும்" என்றான்.

எனக்குச் சினம் வந்தது. "பெரிதாகக் காண்பதற்கன்றோ தொலைநோக்கி? சிறிதாகப் பார்க்க வெறுங்கண் போதாதா?" என்று கூறி, அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பதினொரு மாதங்கள் அது அங்கேயே கிடந்தது.

என் பேத்திக்கு ஒன்பது வயது. தமிழர் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் வழங்கும் உடுக்கூட்டத்தை அறபியர் ஸுரய்யா என்பர். அப்பெயரையே அவளுக்குச் சூட்டியிருக்கிறோம். மழை ஓய்ந்து வானம் தெளிந்திருந்த அந்த இரவில், தன் பெயர் கொண்ட மீன்களைக் காட்டும்படி கேட்டாள். அவை ஏறக்குறைய உச்சி வானில் நின்றன. 32 மி.மீ. கண்ணருகு வில்லையைப் பொருத்தினேன். உருப்பெருக்கம் 63 மடங்கு. தெரியும் வானவெளியோ முக்கால் பாகைதான். அக்கூட்டத்தின் ஒளிமிக்க மீன்கள் ஒரு பாகை அகலத்திற்குப் பரந்து நிற்பவை. ஆகவே ஒரு பக்கத்து மீன்களைப் பிடித்தால் மறுபக்கத்து மீன்கள் வெளியே போய்விடும்.

முக்காலியில் ஏறிப் பார்த்தவள், "நன்னா, மத்ததெல்லாம் எங்கே?" என்றாள். குழலைத் திருப்பினேன், ஒவ்வொன்றையும் விளக்கினேன், மீண்டும் திருப்பினேன். சற்று நேரத்தில் இறங்கிவிட்டாள். "துண்டு துண்டாத்தான் தெரியுது. சும்மா பார்த்தாலே எல்லாம் சேர்ந்து தெரியுதே" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

அச்சொல் என்னை உறுத்திற்று. சில மாதங்களுக்கு முன்புதான் அவள் என்னிடம் அறபு படிப்பதை நிறுத்தியிருந்தாள். ஒரு வினைச்சொல்லை எடுத்து, அதன் வேரையும் வாய்பாடுகளையும் ஒரு வாரம் பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொண்டிருந்தேன். "இந்த வாக்கியம் முழுசா என்ன சொல்லுது நன்னா?" என்று அவள் கேட்டாள். "பொறு" என்றேன். பின்னர் அவள் வரவில்லை. பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று அவள் தாயிடம் குறை கூறினேன். குறை யாருடையது என்பது அன்றிரவுதான் விளங்கிற்று.

மறுநாள் மாலை அலமாரியைத் திறந்தேன். அக்கண்ணாடி ஒரு குவிவில்லைத் தொகுதி. குவியப் போகும் ஒளியை இடையில் மறித்து, இன்னும் விரைவாகக் குவியச் செய்வது. 0.63 என்பது அதன் அளவு. 2032 மி.மீ. குவியத் தொலைவு அதனால் 1280 ஆகக் குறைகிறது. அதே கண்ணருகு வில்லையில் உருப்பெருக்கம் 40 மடங்காகத் தணிகிறது. தெரியும் வெளி 1.2 பாகையாக விரிகிறது. பேத்தியை அழைத்தேன். கரிய வானில் அத்தனை மீன்களும் ஒருங்கே நின்றன. நெடுநேரம் பேசாமல் பார்த்தாள். பின், "ஆறு இல்லை நன்னா, நிறைய இருக்கு" என்றாள். ஸுரய்யா என்பதும் ஒரு தஸ்கீர்தான். மிகுதி என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்தது என்று அப்போது சொன்னேன். அவள் சிரித்தாள்.

இக்கண்ணாடி புதிய ஒளி எதையும் கொண்டுவருவதில்லை. அதே வாய் வாங்கும் அதே ஒளியைச் சிறிய பரப்பில் செறிக்கிறது, அவ்வளவே. ஆதலால் நிழற்படம் எடுப்போர்க்கு இது பெரிதும் உதவும். விரிந்த மேகவொளியைப் பதிக்கப் பத்து நிமிடம் வேண்டுமிடத்தில் நான்கு நிமிடம் போதும். ஆயினும் கண்ணாடிக்கும் ஒளியுணரும் தகட்டுக்கும் இடையே உரிய தொலைவு வேண்டும். இவ்வகைக்கு அது ஏறத்தாழ 105 மி.மீ. அறியாமல் நான் நீண்ட இடைக்குழாயை மாட்டியபோது, படத்தின் மூலைகளில் மீன்கள் வால் முளைத்து நீண்டன, ஓரங்கள் இருண்டன. சனியின் வளையத்தைக் காணவோ இதனைக் கழற்றிவிட வேண்டும். 964ஆம் ஆண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் நூலில் சிறு மேகம் எனக் குறித்த ஆண்ட்ரோமீடா மூன்று பாகைக்கு மேல் நீண்டது. அது இக்கண்ணாடியிலும் அடங்காது. அப்பெருமகனார் அதைக் கண்டது வெறுங்கண்ணால்தான்.

பெருக்கிக் காண வேண்டியவை உண்டு; சுருக்கிக் காண வேண்டியவையும் உண்டு. எது எதற்கு உரியது என்று அறிவதே ஆசிரியன் கடன். இப்போதெல்லாம் பாடம் தொடங்குமுன் முழுப் பகுதியையும் படித்துப் பொருள் சொல்லிவிடுகிறேன்; சொற்களைப் பிரிப்பது அதற்குப் பிறகுதான். பேத்தி மீண்டும் மஃரிபுக்குப் பின் நூலை எடுத்துக்கொண்டு வருகிறாள். வராத நாட்களும் உண்டு. அந்நாட்களில் அவளைக் குறை சொல்வதை விட்டுவிட்டேன்.