ஸ்டோல்ன் குன்றின் சரிவிலே

ஜெர்மனியில், பெர்லினுக்கு வடமேற்கே ஸ்டோல்ன் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. அங்கே புல்வெளியில், 1989ஆம் ஆண்டு துணிகரமாகத் தரையிறக்கப்பட்ட இல்யூஷின் பயணிகள் விமானம் ஒன்று நிற்பதைக் காண்பீர்கள். அதைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். அருகிலுள்ள கோலன்பெர்க் குன்றுக்கும் செல்லுங்கள். குன்றென்று சொன்னாலும், கடல்மட்டத்திலிருந்து சுமார் 110 மீட்டர்தான்!

1896 ஆகஸ்ட் 9ஆம் நாள் ஓட்டோ லிலியென்தால் வீழ்ந்தது இங்கேதான். 1891 முதல் ஏறத்தாழ இரண்டாயிரம் முறை பறந்தவர் அவர். துணி போர்த்திய இறக்கைகளில் தொங்கியவாறு, தம் உடலை அசைத்தே அவற்றைச் செலுத்தினார். அன்று கருவி அந்தரத்தில் வேகமிழந்து நின்றது, மூக்கு கவிழ்ந்தது. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தவர், கழுத்து முள்ளெலும்பு முறிந்து மறுநாள் பெர்லினில் இறந்தார்.

இன்றைய இலகுரக விமானங்களையும் இந்த ஆபத்து விட்டபாடில்லை. வேகம் குறைந்து மூக்கு மேலெழுந்தால், இறக்கை தாங்கும் திறனை இழக்கின்றது. எடை குறைந்த ஊர்தியாதலால் காற்றின் ஓர் உதறலே அதற்குப் போதும். உயரத்தில் நேர்ந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்கலாம்; தரையை நெருங்கும்போது நேர்ந்தால் அதற்கு இடமேது? ஜெர்மனியில் இத்தகைய விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு, விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நல்ல சட்டந்தான். ஆயினும் அது விரிவதற்கும் உயரம் வேண்டும். லிலியென்தாலுக்கு வாய்த்த அந்த 15 மீட்டர் அதற்குப் போதாது.