முடிந்துபோகும் விளையாட்டுக்கு ஒரு நன்றி

அன்பின் அபி அவர்களுக்கும் விசை கேம்ஸ் குழுவினருக்கும்,

கொக்குவிலிலிருந்து எழுதுகிறேன். 2023 ஜூலையில் நீங்கள் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற சமையல் விளையாட்டை என் மகள் எங்கள் வீட்டுக் கணினியில் விளையாடி முடித்தாள். முடித்தாள் என்று எழுதுவதே எனக்குப் பெரிய ஆறுதல். பிள்ளைகளின் கைபேசியில் கிடக்கும் விளையாட்டுகள் பலவற்றுக்கு முடிவே கிடையாது. இன்று வந்தால் பரிசு, நாளை வராவிட்டால் சேர்த்தது போய்விடும் என்று சொல்லிச் சொல்லிப் பிடித்து வைக்கும். பிறகு காசும் கேட்கும். உங்கள் விளையாட்டோ இரண்டு மணித்தியாலத்துக்குள் கதையைச் சொல்லி முடித்து அவளை எழும்ப விட்டது. எழும்பியவள் நேரே குசினிக்குப் போனாள்.

1980களின் கடைசியில் கனடாவுக்குப் போன கதாநாயகி வெண்பாவின் கையில் இருப்பது எழுத்து அழிந்த சமையற் குறிப்புப் புத்தகம். ஆவி மேலே ஏற இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் எப்படிப் போடுவது என்பதை விளையாடுகிறவர்தான் யோசித்துப் பிடிக்க வேண்டும். பிழைத்தால் திரும்பச் செய்யலாம், யாரும் அவசரப்படுத்துவதில்லை. பிள்ளையிடம் நல்ல பழக்கம் படிய இந்தப் பொறுமைதான் வேண்டும் என்று நம்புகிறேன். பேச்சு வாங்கிய பிள்ளை இரண்டாம் தரம் மாவைத் தொடாது.

எங்கள் வீட்டில் புட்டு அவிப்பது பனையோலை நீத்துப்பெட்டியில். அதுவரை சாப்பிட மட்டும் வந்தவள், “அம்மம்மா, இதில ஓட்டையே இல்லை, ஆவி எதுக்குள்ளால வரும்?” என்று கேட்டாள். அம்மா பெட்டியைக் கவிழ்த்து, ஓலைப் பின்னலின் இடுக்குகளைக் காட்டினார். அந்தக் கேள்வி உங்கள் இட்லித் தட்டிலிருந்து வந்தது. இப்போது குரக்கன் மாவுக்கு எவ்வளவு தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று அவளுடைய கைக்கே தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பைக்கற்றில் அடைத்த தீனி வாங்குவதும் குறைந்துவிட்டது. நான் எத்தனையோ முறை சொல்லியும் நடக்காத காரியம் அது.

2024இல் பாஃப்டா உங்களுக்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைத் தந்தபோது எங்கள் வீட்டுக்கே கிடைத்ததுபோல் மகிழ்ந்தோம்.

எங்கள் யாழ்ப்பாணத்திலும் நிரல் எழுதும் இளையவர்கள் இருக்கிறார்கள், யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் அவர்களுக்குக் களம் தருகின்றன. ஒடியற் கூழையோ தோட்டத்து நீர்ப்பாய்ச்சலையோ வைத்து ஒரு விளையாட்டுச் செய்ய நினைத்து அவர்களில் ஒருவர் உங்களுக்கு எழுதினால், தயவுசெய்து மறுமொழி போடுங்கள்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து ஒரு தாய்